ரிசீவரைத் தூக்க ஒரு குட்டிக் கை இருக்கிறதே, தெரியுமா?

மேஜையில் போன் அடிக்கிறது. நீங்களோ நாலு மேஜை தள்ளி, ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில். காதில் ஒயரில்லா ஹெட்செட். பட்டனை ஒரு தட்டு தட்டுகிறீர்கள். அவ்வளவுதான்! அங்கே ஆளில்லாத மேஜையில் ரிசீவர் தானாக மேலே எழுகிறது! எழுப்பியது யார் தெரியுமா? ரிசீவருக்கு அடியில் ஒட்டிவைத்த ஒரு குட்டி மோட்டார் கை. ‘லிஃப்டர்’ என்று பெயர்.

எதற்கு இந்தப் பாடு? மேஜைப் போனுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். ரிசீவர் உட்காரும் குழியில் ஒரு சின்னக் கட்டை இருக்கிறதே, அது அமுங்கியிருந்தால் ‘வெச்சாச்சு’, எழுந்தால் ‘எடுத்தாச்சு’. ஹெட்செட் மாட்டியிருப்பதெல்லாம் அதற்குத் தெரியாது! அந்தக் காலத்தில் ரிசீவரைக் கொக்கியில் மாட்டுவார்கள். கொக்கி போய்விட்டது, கட்டைக்கு ‘ஹுக் ஸ்விட்ச்’ என்ற பெயர் மட்டும் இன்னும் போகவில்லை.

அந்தக் கைக்குக் காதும் உண்டு! போனின் ஸ்பீக்கர்மேல் வைக்கும் ஒரு பொடி மைக். மணிச் சத்தம் கேட்டதும் உங்கள் காதில் ‘பீப்’ அடிக்க வைப்பது அதுதான். பிளான்ட்ரானிக்ஸ் கம்பெனி இப்படிப்பட்ட லிஃப்டர் செய்தது. விமானிகளுக்கு லேசான ஹெட்செட் செய்ய 1961இல் அமெரிக்காவில் தொடங்கிய கம்பெனி. 1969இல் நிலவிலிருந்து நீல் ஆம்ஸ்ட்ராங் பேசினாரே, அந்தக் குரல் வந்ததும் இவர்கள் ஹெட்செட் வழியாகத்தான்! எனக்கு இன்றும் சிலிர்க்கிற செய்தி இது.

கை வேண்டாமென்றால் இ.ஹெச்.எஸ். கேபிள் உண்டு. ‘எடுத்தாச்சு’ என்பதை ஒயர் வழியாகவே போனுக்குச் சொல்லிவிடும். ஆனால் ஒரு போனுக்கான கேபிள் இன்னொன்றுக்குச் சேராது, மாடல் நம்பரைக் கேட்டு வாங்குங்கள்.

ரிசீவரின் சுருள் ஒயரைக் கழற்றிப் பாருங்கள். நுனியில் நாலே நாலு கம்பி! இரண்டு பேச, இரண்டு கேட்க. வரிசைதான் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஹெட்செட்டின் பேஸ், அதாவது மேஜைமேல் வைக்கும் பெட்டி, இந்த வரிசையோடு ஒத்துப்போக வேண்டுமே! அதற்காகவே பல பேஸ்களில் ‘ஏ’ முதல் ‘ஜி’ வரை நகர்த்தும் ஒரு சின்ன ஸ்விட்ச். ஒவ்வொன்றாக நகர்த்துங்கள், டயல் டோன் தெளிவாகக் கேட்கிற இடத்தில் நிறுத்துங்கள். அதோடு விட்டுவிடாதீர்கள். யாருக்காவது போன் போட்டு, உங்கள் குரல் அங்கே கேட்கிறதா என்றும் கேளுங்கள். கேட்கும் கம்பி சரியாகி, பேசும் கம்பி மாறிக் கிடப்பது சாதாரணம்.

இனி காற்றில் நடக்கும் அதிசயம்! பல ஆபீஸ் ஹெட்செட்டுகள் பேசும் பாஷை ‘டெக்ட்’. ஐரோப்பாவில் 1880 முதல் 1900 மெகாஹெர்ட்ஸ் வரை, பத்து அலைகள். ஒவ்வொரு அலையிலும் ஒரு நொடியின் நூறில் ஒரு பங்கை எடுத்து அதையும் 24 துண்டாக நறுக்குகிறார்கள். 12 துண்டு போக, 12 துண்டு வர. ஆக ஒரே நேரத்தில் 120 பேச்சு! உங்கள் குரல் தன் துண்டு வரும்போது மட்டும் பாய்ந்து, மற்ற நேரமெல்லாம் வாயை மூடிக்கொள்கிறது. ஆனால் உங்கள் காதில் ஒரு விக்கல்கூட விழாது! அமெரிக்காவிலோ ஐந்தே அலைகள், 1920 முதல் 1930 மெகாஹெர்ட்ஸ் வரை. அந்த ஊர் ஹெட்செட்டை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனால், செல்போன்கள் டவரோடு பேசும் அலைவரிசையில் போய்க் குறுக்கே நிற்கும்.

திறந்த வெளியிலும் ஹெட்செட் எட்டுவது நூறு மீட்டர் அளவுதான். அதே டெக்டை வைத்து 10 கிலோமீட்டருக்குப் பேச வைத்தார்கள், எங்கே தெரியுமா? நம் சென்னை ஐ.ஐ.டி.யில்! 1990களில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு, மிடாஸ் கம்பெனியோடு சேர்ந்து செய்த ‘கார்டெக்ட்’ அது. நடுவே ஒரு ரிலே நிலையம் வைத்தால் 25 கிலோமீட்டர்! பேசிக்கொண்டிருக்கும்போதே இன்டர்நெட்டும் ஓடும், நொடிக்கு 35 கிலோபிட். மதுரை மாவட்டம் மேலூர் பக்கத்துக் கிராமங்களுக்கு இன்டர்நெட் போனதும் இந்தக் கார்டெக்ட் வழியாகத்தான்.