பத்து வருஷம் கேரண்டி என்றால் என்ன?

தாம்பரத்திலிருந்து குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் போனால் சுவர் விளம்பரங்களில் ஒரு வரி திரும்பத் திரும்ப வரும்: வாட்டர் ப்ரூஃபிங், பத்து வருஷம் கேரண்டி. கடை, குடோன், கல்யாண மண்டபம் வைத்திருப்பவர்கள் அந்தப் 'பத்து' என்ற எண்ணைத்தான் பார்க்கிறார்கள். கொஞ்ச நாளாக, தெரிந்தவர்களிடம் கேட்டு வாங்கி இந்த வாரண்டித் தாள்களைப் படித்துக்கொண்டிருக்கிறேன். எனக்குப் புரிந்த வரையில், அந்தத் தாளிலேயே ரொம்பக் குறைவாக உதவும் தகவல் வருஷக் கணக்குதான். மற்ற மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, யார் கொடுக்கிறார்கள்? ஒரு கூரைக்கு இரண்டு வாக்குறுதிகள் உண்டு. ஷீட்டோ மெம்பிரேனோ தயாரித்த கம்பெனி, பொருளில் குறை இருக்காது என்கிறது. போட்டுக்கொடுத்த கான்ட்ராக்டர், வேலையில் குறை இருக்காது என்கிறார். ஆனால் கூரை எங்கே ஒழுகுகிறது? ஷீட்டும் ஷீட்டும் சேரும் இடத்தில், ஸ்க்ரூவைச் சுற்றி, கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில், மழைநீர்க் குழாயின் வாயில். பெரும்பாலும் இதெல்லாம் வேலையின் கணக்கில் வரும். ஆகவே கம்பெனியின் பெரிய எண் உங்களுக்கு அவ்வளவாக உதவாது. கான்ட்ராக்டரின் சின்ன எண்தான் பேசும். அவர் அன்றைக்கும் அதே போன் நம்பரில் கிடைக்க வேண்டும், அது வேறு!

இரண்டாவது, என்ன தருவார்கள்? சில தாள்களில் புதுப் பொருள் மட்டும்தான். கூலியும் பழையதை உடைத்து அள்ளும் செலவும் உங்களுடையது. சிலவற்றில் வருஷம் ஏற ஏறத் தொகை இறங்கும். பத்து வருஷ வாரண்டியில் எட்டு வருஷம் முடிந்து ஒழுகினால் பொருள் விலையில் ஐந்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். கீழே நனைந்த சரக்குக்கு நஷ்டஈடு பொதுவாக எதிலும் கிடையாது. வாடகைக் கடையாக இருந்தால் இன்னும் சிக்கல்: தாள் ஓனர் பெயரில், நனைவது வாடகைக்காரர் சரக்கு.

மூன்றாவது, எப்போது செல்லாது? நம்ம ஊர் நிலவரம் இங்கேதான் உள்ளே வருகிறது.

தண்ணீர் 48 மணி நேரத்துக்கு மேல் தேங்கினால் பொறுப்பில்லை என்ற மாதிரி ஒரு விதி பல தாள்களில் இருக்கும். 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பெய்தது. ஆயிரம் சதுர அடித் தளத்தில் அது சுமார் 45,000 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் லாரியில் கிட்டத்தட்ட நாலு லாரி. குழாய் வாயை வேப்பிலை அடைத்திருந்தால் அத்தனையும் தளத்தில்தான் நிற்கும், தப்பு உங்கள் மேல்தான் வரும். அதனால் ஐப்பசிக்கு முன்னால் சுத்தம் செய்து, தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள்.

அடுத்தது காற்று. கட்டடங்களின் காற்றுச் சுமைக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 875, மூன்றாம் பகுதி. அதில் சென்னைக்கான அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கி.மீ. வாரண்டித் தாளோ 'புயல் நீங்கலாக' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடும். 2016 டிசம்பர் 12-ல் வர்தா வந்த ஊரில் அந்த வார்த்தையை அப்படியே விடக்கூடாது. எத்தனை கி.மீ. வேகம் வரை பொறுப்பு என்று எண்ணாக எழுதச் சொல்லுங்கள்.

ஈ.சி.ஆர். பக்கம் இருப்பவர்கள் உப்புக் காற்று விதியைத் தேடிப் பாருங்கள். கடலிலிருந்து இவ்வளவு தூரத்துக்குள் துருவுக்கு வாரண்டி இல்லை என்று ஷீட் கம்பெனிகள் போடுவதுண்டு. தவிர, பின்னால் ஏற்றும் ஏ.சி. அவுட்டோர் யூனிட், சோலார் பேனல், விளம்பரப் பலகை எதுவானாலும், எழுத்தில் சம்மதம் வாங்காமல் தளத்தில் ஓட்டை போட்டால் வாரண்டி போச்சு.

சரி, கன்ஸ்யூமர் கோர்ட் இருக்கிறதே என்று தோன்றும். 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வணிக நோக்கத்துக்கு வாங்குபவரை 'நுகர்வோர்' என்று ஏற்பதில்லை. சுயதொழிலில் தன் பிழைப்புக்காக மட்டும் பொருள் வாங்கியவருக்கு விலக்கு உண்டு. குடோன் ஓனருக்கு அந்த விலக்கு கிடைப்பது கஷ்டம். அவர் ஒப்பந்த மீறல் என்று சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும், அங்கே கையில் இருப்பது இந்தத் தாள் மட்டுமே. வீட்டுக்கூரையைவிடக் கடைக்கூரையில் ஒவ்வொரு வரியும் முக்கியமாவது இதனால்தான்.

இன்சூரன்ஸ்? புயல், வெள்ளம் சேர்ந்த பாலிசி திடீர்ச் சேதத்துக்குக் கொடுக்கும், தேய்மானத்துக்குக் கொடுக்காது. வெயிலில் வெடித்த ரப்பர் வாஷர் வழியாக ஆறாவது வருஷம் சொட்டுச் சொட்டாக இறங்கும் தண்ணீர் இரண்டுக்கும் நடுவில் நழுவிவிடும். கான்ட்ராக்டரின் வாரண்டி சரியாக அந்த இடத்தை மூட வேண்டும். 'எங்கிருந்து ஒழுகினாலும் பொருளும் கூலியும் எங்கள் செலவு' என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

எழுத மறுத்தால் இன்னொரு வழி இருக்கிறது. பில்லில் பத்து சதவீதத்தை ஒரு வடகிழக்குப் பருவமழை முடியும் வரை பிடித்து வைப்பதாக ஆரம்பத்திலேயே பேசி எழுதிக்கொள்ளுங்கள். கட்டட வேலையில் இது புதுசு இல்லை. கார்த்திகை தாண்டியும் தளம் ஒழுகாவிட்டால் பாக்கியைக் கொடுத்துவிடலாம்.