அரிசி மாவில் பேசிய சித்திரக்காரர்

கோர்படியில் வாழும் நம் தமிழ்க் குடும்பத்தார், இம்மகாராஷ்டிரத்துப் பழங்குடிச் சித்திரக்காரர் ஒருவரை அறிந்திருத்தல் நலம். அவர் டஹாணு வட்டத்துக் கஞ்சாட் கிராமத்தைச் சேர்ந்த ஜிவ்யா சோமா மாஷே. சிறு வயதில் தாயை இழந்து பேச்சொழிந்த அவர், புழுதியில் படம் வரைந்தே தம் கருத்தை உணர்த்தினாராம்.

வார்லி குலத்து மாதர், திருமண வீட்டுச் செம்மண் சுவரில் அரிசி மாவைக் கரைத்துச் சித்திரம் தீட்டுவது மரபு. வட்டமும் முக்கோணமும் சதுரமுமே அதற்கு எழுத்துக்கள். ஆடவரான மாஷே அதனை நாள்தோறும் வரைந்தார்; 1970-களில் காகிதத்திற்கும் துணிக்கும் கொணர்ந்தார். 2011-இல் பத்மஸ்ரீ பெற்று, 2018-இல் மறைந்தார்.

அவர் பெயர் நிலைத்தது. அவருக்குமுன் வரைந்த மாதரின் பெயர்களோ ஏட்டில் ஏறவில்லை. நம் வாயிலில் மாக்கோலமிட்ட பாட்டிமார் பெயரும் அவ்வாறே. ஒட்டுக் கோலமே போதுமென்று நாம் இருந்துவிட்டால், பெயரோடு கலையும் போய்விடும். அவர்கள் இருக்கும்போதே நம் சிறுவர் சிறுமியர் கற்றுக்கொள்வாராக!