மூக்கறியும் பழுது

உயிர்களை அறிவால் வகுத்த தொல்காப்பியர், மூக்கால் முகர்ந்தறிவதை மூன்றாம் அறிவாக வைத்தார். அவ்வறிவு மகிழுந்தின் பழுதைக் கண்டறியவும் துணைசெய்கிறது.

பெட்ரோல் மகிழுந்து நின்றிருக்கையில் அதன் எஞ்சின் நிமிடத்திற்கு ஏறத்தாழ 700 முதல் 900 முறை சீராகச் சுழலும். அச்சுழற்சி ஏறியிறங்கி வண்டி அதிருமாயின், காற்று, எரிபொருள், தீப்பொறி ஆகிய மூன்றனுள் ஒன்று பெரும்பாலும் குறைபட்டிருக்கும். தேய்ந்த ஸ்பார்க் பிளக், அடைபட்ட காற்று வடிகட்டி, விரிசலுற்ற வெற்றிடக் குழாய், கரி படிந்த எரிபொருள் தெளிப்பான் ஆகியன வழக்கமான காரணங்கள்.

அதிர்வோடு எழும் நாற்றம் தேடலின் எல்லையைச் சுருக்கும். பெட்ரோல் மணம், எரிபொருள் கசிவதையோ எரியாமல் வெளியேறுவதையோ காட்டும். இனிய மணம் குளிர்விப்பு நீர்மத்தின் கசிவையும், கருகிய எண்ணெய் மணம் சூடான பாகத்தின்மீது எண்ணெய் சொட்டுவதையும் உணர்த்தும். அழுகிய முட்டையின் நாற்றமோ ஹைட்ரஜன் சல்பைடு வாயுவினுடையது. எரிபொருள் அளவுக்கு மிஞ்சிச் சேரும்போது, அதிலுள்ள கந்தகம் வினையூக்கி மாற்றியில் இவ்வாயுவாகிறது. மிகை மின்னேற்றம் பெற்ற பேட்டரியும் இதனை வெளியிடலாம்.

கணியம்பாடியிலிருந்து வேலூர் வழியாக ஆம்பூர் செல்லும் ஓட்டுநர் இங்கு மயங்க இடமுண்டு. தோல் பதனிடுகையில் மயிரை நீக்கச் சுண்ணாம்புடன் சோடியம் சல்பைடு சேர்க்கின்றனர். அக்கழிவுநீர் அமிலத்தோடு கலப்பின் அதே வாயு தோன்றும். ஆகவே, நாற்றம் ஊருடையதா, வண்டியுடையதா எனத் தெளிதல் வேண்டும். தொழிற்சாலைகளைக் கடந்து, திறந்தவெளியில் வண்டியை நிறுத்தி இறங்கி, சற்றுநேரம் தூய காற்றைச் சுவாசித்தபின் வண்டியருகே வந்து முகர வேண்டும். தொடர்ந்து முகரும் மூக்கு மரத்துப்போகும் இயல்புடையது. எனவே, நாற்றம் மறைந்ததுபோல் தோன்றுவதே பழுது நீங்கியதற்குச் சான்றாகாது.

2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் வழக்கிற்கு வந்த பி.எஸ். 6 பெட்ரோலில் கந்தகத்தின் உச்ச அளவு, பத்து இலட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைக்கப்பட்டது. அதன் பின்னரும் முட்டை நாற்றம் எழுமாயின் அதனைப் புறக்கணித்தல் ஆகாது.

மூக்கின் அறிவுக்கும் எல்லையுண்டு. எரிபொருள் முழுமையாக எரியாதபோது மிகும் கார்பன் மோனாக்சைடு மணமற்றது. உயிரைப் பறிக்க வல்லது. எனவே, நாற்றம் இல்லையெனினும், சீராக ஓடாத எஞ்சினை மூடிய கொட்டகைக்குள் இயக்கிச் சோதித்தல் கூடாது.