பள்ளிக்கூடப் படலையில் நின்றுவிடும் பிள்ளை

திங்கட்கிழமைக் காலையில் மாத்திரம் வருகின்ற வயிற்றுவலி ஒன்று உண்டு. வெள்ளைச் சீருடையை உடுத்து முடித்த பிள்ளை, சப்பாத்தைக் கையில் எடுத்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுகிறது. பத்து மணியானதும் வலி அகன்றுவிடுகிறது. தாயார் இதனைக் கள்ளம் என்கிறார். தகப்பனார் பிரம்பைத் தேடுகிறார். அம்மம்மா நாவூறு கழித்துத் திருநீறு பூசுகிறார். மூவரும் பிள்ளையின் நன்மையைக் கருதியே இவற்றைச் செய்கின்றனர். ஆயினும், பள்ளிக்கூடத்தில் அப்பிள்ளைக்கு என்ன நேர்கிறது என்று கேட்பார் அரியர்.

பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகள் எல்லாரும் ஒரே வகையினர் அல்லர். வீட்டாருக்குத் தெரியாமல் ஒளித்து, கடற்கரையிலோ சந்தியிலோ பொழுதைக் கழிக்கின்றவன் ஒருவன். மற்றவனோ வீட்டைவிட்டு அகலுவதில்லை. போகவேண்டும் என்றே எண்ணி, இரவில் புத்தகங்களையும் அடுக்கி வைக்கிறான். விடிந்தால் கால் எழவில்லை. இவ்விரண்டாம் வகையினரைப் பற்றி 1932-ஆம் ஆண்டிலேயே ப்ரோட்வின் என்ற ஆய்வாளர் எழுதினார். 1941-இல் அடிலெய்ட் ஜோன்சனும் அவருடைய தோழர்களும் இதனைப் 'பள்ளி அச்சம்' என்று அழைத்தனர். சோம்பலுக்கும் அச்சத்துக்கும் மருந்து ஒன்றாகாது என்பது அன்றே தெரிந்திருந்த செய்தி.

இவ்வாறு தவிக்கும் பிள்ளைகளிற் பலர், மூளை வேறொரு விதமாக இயங்கும் இயல்பினர். ஓட்டிசம் உள்ளவர்களும், ஓரிடத்தில் அமர்ந்து ஒன்றிலேயே கவனம் செலுத்த இயலாதவர்களும், எழுத்துக்கூட்டி வாசிப்பதில் இடர்ப்படுபவர்களும் இவர்களுள் அடங்குவர். நமக்குச் சாதாரணமான மணியோசை இவர்களிற் சிலருக்குக் காதிலே ஊசி ஏற்றியதுபோல் இருக்கும். நாற்பது பிள்ளைகள் ஒருங்கே பேசும் வகுப்பறை, வியர்வையில் ஒட்டும் கழுத்துப்பட்டி, அறிவிப்பின்றி மாறும் பாடநேரம், எழுதி முடிக்குமுன் அழிக்கப்படும் கரும்பலகை ஆகியவை ஒன்றன்மேல் ஒன்றாய்ச் சேர்கின்றன. பகல் முழுவதும் பல்லைக் கடித்துக்கொண்டு 'நல்ல பிள்ளை'யாக இருந்துவிட்டு, வீட்டுப் படலையைத் தாண்டியதும் வெடித்து அழும் பிள்ளையைப் பெற்றோர் அறிவர், ஆசிரியர் அறியார். இருவருக்கும் இடையே பிணக்கு எழுவதும் இதனாலேயே.

இலங்கையில் நடத்தப்பெற்று 2009-இல் வெளியான ஓர் ஆய்வு, சிறு குழந்தைகளுள் ஏறத்தாழ 93 பேருக்கு ஒருவரிடம் ஓட்டிசம் காணப்பட்டதாகக் கூறிற்று. நம் குடாநாட்டில் செவிப்புலனற்ற பிள்ளைகளுக்குக் கைதடி நவீல்ட் பாடசாலையும், அறிவு வளர்ச்சியில் விசேட தேவையுள்ளோருக்குக் கோண்டாவில் சிவபூமிப் பாடசாலையும் உள்ளன. ஆனால் நாம் இங்கே பேசும் பிள்ளைகளிற் பலர் கணக்கிற் கெட்டிக்காரர், பேச்சில் வல்லவர். விசேட பாடசாலை இவர்களுக்கு உரியதன்று. சாதாரணப் பாடசாலையோ தாங்கமுடியாததாகிறது. இரண்டுக்கும் நடுவே, வீட்டு விறாந்தையிலே இவர்களுடைய ஆண்டுகள் கழிகின்றன.

இவர்களை மீட்டெடுக்கக் கலை உதவுமா? யாழ்ப்பாணத்துக்கு இது முற்றிலும் புதிய கேள்வியன்று. 1978-இல் நாடக அரங்கக் கல்லூரியை நிறுவியவரும், 2025 சனவரியில் மறைந்தவருமான குழந்தை ம. சண்முகலிங்கம், 'கூடி விளையாடு பாப்பா' முதலிய சிறுவர் நாடகங்களை எழுதி, ஆடலும் பாடலும் விளையாட்டும் கலந்த அரங்கை இங்கு வளர்த்தார். போர்க்காலத்தில் அவரது 'அன்னை இட்ட தீ' மனத்தின் காயங்களை மேடைக்குக் கொணர்ந்தது. க. சிதம்பரநாதனின் அரங்கச் செயற்பாட்டுக் குழு, களப்பயிற்சிகள் வாயிலாக இளைஞரின் உள்ளத்தைத் திறக்க முயன்றது. இவையெல்லாம் போரினால் நொந்தோரை நினைந்து செய்யப்பட்டவை, ஓட்டிசத்தை நினைந்தல்ல. எனினும், பேச்சால் திறவாத கதவு விளையாட்டால் திறக்கும் என்ற பட்டறிவு நம்மிடம் இருக்கின்றது.

மேடை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒத்துவராது என்பதையும் சொல்லவேண்டும். பலர் பார்த்திருக்க நிற்பது சிலருக்கு மணியோசையைவிடக் கொடியது. அத்தகையோருக்குப் பட்டம் கட்டுதல் எவ்வளவு பொருத்தமானது என்று எண்ணிப் பாருங்கள். வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலன்று வானேறும் பட்டங்களைப் பார்த்தவர்கள், அவற்றின் பின்னுள்ள கணக்கை அறிவார்கள். மூங்கிலைச் சமமாகச் சீவவேண்டும். முச்சையை அளந்து கட்டவேண்டும். விண் கூவும்படி நாரை இழுத்துப் பூட்டவேண்டும். பனையோலையில் பெட்டி இழைப்பதும் இத்தகையதே. அடுத்த இழை எங்கே போகும் என்பது கைக்கு முன்னரே தெரியும், திடீர் மாற்றமில்லை. முகத்தைப் பார்த்துப் பேசவேண்டிய கட்டாயமில்லாமல், அருகருகே அமர்ந்து, இருவரும் ஓலையைப் பார்த்துக்கொண்டே பேசலாம், பேசாமலும் இருக்கலாம். தனக்கு எது கடினமாயிருக்கிறது என்பதைப் பிள்ளை முதன்முதலாகச் சொல்வது பெரும்பாலும் இத்தகைய வேளைகளிலேதான்.

கலை ஓட்டிசத்தைப் 'போக்கிவிடும்' என்று யாரேனும் விளம்பரம் செய்தால் நம்பவேண்டாம். 9 நாடுகளில் 364 பிள்ளைகளைக் கொண்டு இசைச் சிகிச்சையை ஆராய்ந்து 2017-இல் வெளியிட்ட பெரிய ஆய்வொன்று, அதனால் ஓட்டிசத்தின் குறிகள் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை என்றே கண்டது. இயல்பை மாற்றுவதற்கன்று, அவ்வியல்போடு நிம்மதியாக இருக்கும் ஒரு மணிநேரத்தைக் கொடுப்பதற்கே நாம் கலையை நாடுகிறோம். அந்த நிம்மதி இல்லாத பிள்ளையிடம் படிப்பைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

நம்மவரிடம் எனக்கு ஓர் அச்சமும் உண்டு. எதனையும் சோதனையாக்கிவிடும் திறமை நமக்கு மிகுதி. சங்கீதமென்றால் வட இலங்கைச் சங்கீத சபையின் தரம் எத்தனை என்று கேட்போம். சித்திரமென்றால் போட்டியில் எத்தனையாம் இடம் என்போம். சோதனைகள் பிழையல்ல, ஆனால் புள்ளிக்கு அஞ்சி ஓடிவந்த பிள்ளைக்கு ஓலையிலும் புள்ளி போட்டால், அது எங்கே ஓடும்? 'பள்ளிக்கூடம் போனால்தான் பட்டம்' என்று பேரம் பேசுவதும் ஆகாது.

நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டு முதல் 5 வயதிலிருந்து 16 வயதுவரை கல்வி கட்டாயமாகும். ஆகவே, வீட்டிலேயே விட்டுவிடுவோம் என்பது தீர்வாகாது. தூக்கிக்கொண்டுபோய் வகுப்பில் தள்ளுவதும் தீர்வாகாது. உடல்நோய் எதுவுமில்லை என்பதை முதலில் மருத்துவரிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள். பின்னர் அதிபரைக் கண்டு, மணியடித்து ஆரவாரம் அடங்கியபின் பிள்ளை வருவதற்கும், சித்திர அறையிலோ நூலகத்திலோ அரைமணிநேரம் தனக்குப் பிடித்த கைவேலையுடன் இருப்பதற்கும் இடம் கேளுங்கள். அங்கே அறிந்த முகம் ஒன்று, நாள்தோறும் அதே முகம், இருக்கட்டும். அரைமணி ஒருமணியாவதற்குச் சில கிழமைகள் செல்லலாம். ஒரு தவணையும் செல்லலாம். வீட்டுக்கு அழைத்துச்செல்ல இத்தனை மணிக்கு வருவேன் என்று பிள்ளைக்குச் சொன்னால், அந்த மணிக்குப் படலையில் நில்லுங்கள்.