கிளைவ் துரை எழுதிய புத்தகம்

சதுரங்கப்பட்டினத்துக் கோட்டைக்குள் நாம் நுழைந்தபோது, உடன் வந்த நம் சகோதரியின் புதல்வன் நாலா பக்கமும் ஏமாற்றத்துடன் பார்த்தான். கையிலிருந்த பழைய இங்கிலீஷ் புத்தகத்தைக் காட்டி, "இங்கே டச்சுக்காரர்களின் ஃபாக்டரி இருந்தது என்று போட்டிருக்கிறதே, மாமா! யந்திரங்கள் எல்லாம் எங்கே?" என்று கேட்டான்.

அங்கே செங்கற் சுவர்கள் இருந்தன. டச்சுக்காரர்களின் கல்லறைகள் இருந்தன. யந்திரம் இருந்ததற்கு அடையாளமே இல்லை. இருக்கவும் நியாயமில்லை. அந்தக் காலத்து இங்கிலீஷில் 'ஃபாக்டர்' என்றால் கும்பினியின் வியாபாரப் பிரதிநிதி. அவர் தங்கியிருந்து, சரக்கு வாங்கி, கப்பல் வரும் வரையில் அடுக்கி வைத்த பண்டகசாலைக்குத்தான் 'ஃபாக்டரி' என்று பெயர். சதுரங்கப்பட்டினத்திலிருந்து கப்பலேறிய மெல்லிய துணிகளை அந்த ஃபாக்டரி நெய்யவில்லை. நம் நெசவாளர்களின் கைத்தறிகளே நெய்தன. சொல்லுக்கு இன்றைய பொருளைக் கொண்டோமானால், நெய்தவனுடைய புகழ் வாங்கி விற்றவனுக்குப் போய்விடும் அல்லவா?

அங்கிருந்து வடக்கே மாமல்லபுரத்திற்குச் சென்றோம். கடலோடிகளான ஐரோப்பியர் அந்த ஊருக்கு இட்ட பெயர் 'ஏழு பகோடாக்கள்'. அங்கே பகோடா என்றால் கோயில். ஆனால் கும்பினியின் கணக்கேடுகளில் ஆயிரம் பகோடா வசூலாயிற்று என்று கண்டால், ஆயிரம் கோயில்களைத் தூக்கிக்கொண்டு போனார்களோ என்று நேயர்கள் திடுக்கிட வேண்டாம்! அந்தப் பகோடா ஒரு பொன் நாணயம். நம் முன்னோர் வராகன் என்று சொன்னது அதைத்தான். சென்னையில் 42 பணம் கொண்டது ஒரு வராகன். 1818-ல் ரூபாய் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. பூமிதேவியைத் தாங்கி நிற்கும் வராக மூர்த்தியை மாமல்லபுரத்துக் குகையில் தரிசித்தபோது, நாணயத்திற்கு அவர் பெயர் வந்த விதத்தையும் பையனுக்குச் சொன்னோம். பழைய பொற்காசுகளில் வராக உருவம் பொறித்திருந்ததே அதற்குக் காரணம்.

கடற்கரையில் இப்போது பெரும்பாலும் ஃபைபர் படகுகளே கிடக்கின்றன. கட்டைகளைக் கயிற்றால் பிணைத்த நம் கட்டுமரமோ இங்கிலீஷ் அகராதியில் ஏறி வெகு தூரம் போய்விட்டது. 1697-ல் வெளியான டாம்பியர் என்னும் மாலுமியின் பிரயாண நூலிலேயே அது இருக்கிறது. 1804-ல் பிரெஞ்சுக் கப்பல்களைத் தகர்க்க இங்கிலீஷ்காரர் மிதக்கவிட்ட வெடிப்பெட்டிக்கும் அதே பெயர். பிறகு சண்டைக்காரப் பெண்மணியையும் 'காட்டமரான்' என்று ஏசினார்கள். இன்று அது இரட்டை அடிப்பாகம் கொண்ட உல்லாசப் படகு. பாவம், நம் பரதவர் கட்டிய மரத்திற்கு எத்தனை அவதாரங்கள்!

திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கற்பட்டை அடைந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. கொளவாய் ஏரிக்கருகே, ரயில் பாதை ஊடே செல்லும் பழைய கோட்டையைக் கண்டோம். 1752-ல் பிரெஞ்சுக்காரரிடமிருந்து இதைக் கைப்பற்றியவர் ராபர்ட் கிளைவ். அவர் 1744-ல் 'ரைட்டர்' ஆகச் சென்னைக்கு வந்தார் என்று புத்தகத்தில் படித்த பையன், "அவர் எழுதிய புத்தகம் எது?" என்றான். நாம் சிரித்துவிட்டோம். ரைட்டர் என்பது கும்பினியில் கடைசிப்படி உத்தியோகம். கணக்கும் கடிதமும் நகல் எடுக்கும் குமாஸ்தா. நம் போலீஸ் ஸ்டேஷன்களில் 'ரைட்டர்' என்று ஒருவர் இருக்கிறாரே, அந்தப் பழைய பொருள் அவரிடம்தான் இன்னும் உயிரோடிருக்கிறது.

இனி, எல்லாவற்றிலும் முக்கியமான சொல் ஒன்று. பழைய இங்கிலீஷ் தஸ்தாவேஜுகளில் செங்கற்பட்டுச் சீமைக்கு 'ஜாகீர்' என்றே பெயர். ஜாகீர் என்பது பாரசீகச் சொல். தனக்கு ஊழியம் புரிந்தவனுக்கு அரசன் விட்டுக்கொடுக்கும் நில வருமானம் என்பது அதன் பொருள். 1763-ல் ஆற்காட்டு நவாப் முகம்மது அலி இந்தச் சீமையைக் கும்பினிக்கு அவ்வாறு கொடுத்தார். 1765-ல் தில்லி பாதுஷா அதை உறுதி செய்தார். அப்படியானால் கொடுத்தவர் எஜமானர். வாங்கிய கும்பினி ஊழியன். 1801-லோ நவாபின் ராஜ்யம் முழுவதும் அந்த ஊழியன் கைக்குள் போயிற்று! இங்கிலீஷ்காரர் இந்தச் சீமையை வாளால் வென்றதாக யாரேனும் பெருமை பேசினால், அவர்களுடைய ஏட்டிலேயே உள்ள இந்த ஒரு சொல் அதை மறுத்துச் சாட்சி சொல்லும்.

திரும்பும்போது பையன் புத்தகத்தை மறுபடி முதலிலிருந்து புரட்டத் தொடங்கினான். "மாமா, இதில் 'கன்ட்ரி ஷிப்' என்றிருக்கிறதே, கிராமத்துக் கப்பலா?" என்றான். இல்லை, கீழ்த்திசைத் துறைமுகங்களுக்குள்ளேயே வியாபாரம் செய்த கப்பல் அது. வீட்டுப் பரணில் பழைய இங்கிலீஷ் பத்திரங்களை வைத்திருக்கும் நேயர்களும் அவனைப் போலவே கேட்டுக் கேட்டுப் படிப்பார்களாக.