மெய்நிகர் குழு

மெய்நிகர் குழு என்பது வெவ்வேறு ஊர்களிலோ நாடுகளிலோ இருந்துகொண்டு, மின்னஞ்சல், தொலைபேசி, காணொளி உரையாடல் முதலிய தொடர்பாடல் வசதிகளின் துணையுடன் ஒரே பணியில் ஈடுபடும் குழுவைக் குறிக்கும். இத்தகைய குழுவினர் ஒருவரையொருவர் நேரில் காணாமலே பணியை முடித்துவிடுவதும் உண்டு. மென்பொருள் துறையில் இம்முறை மிகப் பரவலாகக் காணப்படுகிறது.

வரலாறு

1985 இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் பெங்களூரில் தனது வடிவமைப்பு மையத்தைத் தொடங்கி, அதனைச் செயற்கைக்கோள் வழியாக அமெரிக்காவுடன் இணைத்தது. 1991 இல் தொடங்கிய லினக்ஸ் கருனி, பல நாட்டு நிரலாளர்களால் இணையத்தின் வழியே வளர்க்கப்பட்டது. 2020 இல் கோவிட்-19 பெருந்தொற்றின்போது, அதுவரை ஒரே கூரையின்கீழ் இருந்த பல அலுவலகங்களும் இம்முறைக்கு மாற நேர்ந்தது.

தொலைவும் நேரமும்

பொறியாளர்களின் இருக்கைகளுக்கு இடையேயான தூரம் கூடக்கூட அவர்களிடையே தொழில்நுட்ப உரையாடல் விரைந்து குறைகிறது என்பதை தாமஸ் ஆலன் 1977 இல் வெளியான நூலில் விளக்கினார். ஒரே கட்டடத்திற்குள்ளேயே இந்நிலை என்றால், கடல் கடந்த குழுக்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

சென்னைக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையே குளிர்காலத்தில் 13½ மணி நேரமும் கோடையில் 12½ மணி நேரமும் வேறுபாடு உள்ளது. குளிர்காலத்தில் சென்னையில் காலை 9 மணி எனில், அங்கு முந்தைய நாள் இரவு 7.30. இரு தரப்பினரின் அலுவலக நேரங்களும் ஒன்றுடன் ஒன்று சேர்வதே இல்லை. அரைகுறையாக எழுதப்பட்ட ஒரு கேள்விக்கு விளக்கம் கேட்டு மடல் அனுப்பினால் ஒரு நாள் முழுதும் வீணாகிவிடும். கூட்டங்களுக்காக எப்போதும் ஒரே தரப்பினர் இரவில் விழித்திருப்பது நியாயமாகாது. நேரத்தை மாற்றி மாற்றி வைப்பதே முறை.

பண்பாட்டு வேறுபாடு

கீர்ட் ஹாஃப்ஸ்டெட், 1967 முதல் 1973 வரை ஐபிஎம் பணியாளர்களிடம் திரட்டிய தரவுகளைக் கொண்டு 'அதிகார இடைவெளி' என்னும் அளவையை முன்வைத்தார். இவ்வளவையில் அமெரிக்காவைவிட இந்தியா உயர்ந்த இடத்தில் உள்ளது. மேலாளர் முன்னிலையில் "இந்தத் தேதிக்குள் முடியாது" என்று சொல்லத் தயங்கும் பொறியாளர் "முயல்கிறோம்" என்கிறார். மறுமுனையில் அது ஒப்புதலாகக் கொள்ளப்படுகிறது. "முடியுமா?" என்பதற்குப் பதிலாக "எவை எஞ்சியுள்ளன?" என்று கேட்பது இச்சிக்கலைப் பெரிதும் குறைக்கும். எனினும் ஒரு நாட்டின் சராசரியைக் கொண்டு தனியொருவரை எடைபோடுதல் தவறு. ஒரே நிறுவனத்தின் தரவுகளைச் சார்ந்தது என்பதும் இவ்வாய்வின் மீதான முக்கிய விமர்சனமாகும்.

ஏர்பஸ் ஏ380

ஏர்பஸ் ஏ380 வானூர்தியின் உடற்பகுதிகள் சில ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரிலும், இறுதி ஒருங்கிணைப்பு பிரான்சின் துலூஸ் நகரிலும் நடைபெற்றன. ஜெர்மனி, ஸ்பெயின் குழுக்கள் கேட்டியா வடிவமைப்பு மென்பொருளின் 4 ஆம் பதிப்பையும், பிரான்ஸ், பிரித்தானியக் குழுக்கள் 5 ஆம் பதிப்பையும் பயன்படுத்தின. 5 ஆம் பதிப்பு வெறும் மேம்பாடு அன்று, புதிதாக எழுதப்பட்டது. எனவே வடிவமைப்புத் தரவுகள் இரண்டிற்கும் இடையே பிழையின்றிப் பரிமாறப்படவில்லை. ஒவ்வொரு விமானத்திலும் 500 கிலோமீட்டருக்கும் அதிகமான மின்கம்பிகள் இருந்தன. பகுதிகளைத் துலூஸில் பொருத்தியபோது கம்பித் தொகுதிகள் பல நீளம் போதாமல் நின்றன. ஹாம்பர்க்கிலிருந்து தொழிலாளர்கள் வரவழைக்கப்பட்டு, அவை கையால் திருத்தப்பட்டன. மென்பொருள் வேறுபாடு முன்பே அறியப்பட்டிருந்தும், எந்த நாட்டுக் குழு தன் வழக்கத்தை விட்டுக்கொடுப்பது என்பது தீர்க்கப்படாமலே இருந்தது. 2006 அக்டோபரில், எல்லாத் தளங்களிலும் ஒரே கருவிகளைப் பயன்படுத்தும் திட்டம் அறிவிக்கப்பட்டது. முதல் விமானம் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் தாமதமாக, 2007 அக்டோபர் 15 அன்று சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது.