மத்தியானப் பேய்!

எகிப்துப் பாலைவனம். உச்சி வெயில். மண் குடிலுக்குள் ஒரு துறவி தனியாக உட்கார்ந்திருக்கிறார்.

கையில் வேத புத்தகம். மனமோ அதில் இல்லை. சூரியன் நகரவே மாட்டேன் என்கிறது! பிற்பகல் 3 மணிக்குத்தான் சாப்பாடு. வெளியே வந்து வானத்தைப் பார்க்கிறார். பேச்சுத் துணைக்கு யாராவது வருகிறார்களா என்றும் பார்க்கிறார். ஒருவரும் இல்லை. இந்த இடமே வேண்டாம், வேறு எங்காவது போய்விடலாம் என்று தோன்றுகிறது. விட்டு வந்த வீடும் உறவினரும் நினைவுக்கு வருகிறார்கள்.

இந்தச் சோர்வுக்கு "மத்தியானப் பேய்" என்று பெயர். 1,600 ஆண்டுகளுக்கு முன்பே அதைப் பிட்டுப் பிட்டு வைத்தவர் எவாக்ரியஸ் என்ற கிறிஸ்தவத் துறவி. சும்மா எழுதவில்லை. அனுபவித்து எழுதினார்!

கனவில் சத்தியம்

இன்றைய துருக்கி நாட்டின் வடபகுதியில் இருந்த ஐபோராவில், சுமார் கி.பி. 345-ல் பிறந்தவர் அவர். தலைநகர் கான்ஸ்டாண்டிநோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) தேவாலய உதவிக் குருவாக இருந்தார். வாதம் செய்வதில் சூரர். புகழ் குவிந்தது.

அப்போதுதான் ஆபத்து வந்தது. உயர் குடும்பத்துப் பெண் ஒருத்தி மீது காதல் கொண்டார். அவளோ அடுத்தவர் மனைவி!

ஒரு நாள் கனவு கண்டார். காவலர்கள் அவரைப் பிடித்துச் சங்கிலியால் கட்டி இருந்தார்கள். "இந்த ஊரை விட்டுப் போய்விடுகிறேன்" என்று வேதத்தின் மீது சத்தியம் செய்தார். விழித்தார். கனவில் செய்த சத்தியம்தானே என்று விட்டுவிடவில்லை. உடனே கப்பல் ஏறிவிட்டார்!

ஜெருசலேம் போனதும் மனம் மறுபடி மாறியது. பகட்டாக உடுத்தத் தொடங்கினார். அப்போது காய்ச்சல் வந்தது. 6 மாதம் படுக்கை. வைத்தியர்களால் முடியவில்லை. மெலானியா என்ற ரோமாபுரி விதவை, நடந்ததை எல்லாம் கேட்டு அறிந்தார். துறவியாவதாக வாக்கு வாங்கினார். சில நாட்களில் நோய் தீர்ந்தது. இந்த வரலாற்றை எழுதி வைத்தவர், எவாக்ரியசின் சீடர் பல்லாடியஸ்.

8 எண்ணங்கள்

எகிப்துக்குப் போன எவாக்ரியஸ், 399-ல் இறக்கும் வரை பாலைவனத்தில் வாழ்ந்தார். புத்தகங்களை அழகாக நகல் எழுதிக் கொடுத்து, சாப்பாட்டுக்கு வேண்டியதை மட்டும் சம்பாதித்தார்.

மனிதனைக் கெடுக்கும் எண்ணங்கள் 8 என்று எழுதினார். பெருந்தீனி, காமம், பணத்தாசை, துக்கம், கோபம், சோர்வு, வீண் புகழ், கர்வம். எண்ணம் வருவதைத் தடுக்க முடியாது. அதைத் தங்க விடுவதும் விடாததும் நம் கையில் என்றார்.

சோர்வுக்கு அவர் சொன்ன மருந்து விசித்திரமானது. மனதை இரண்டாகப் பிரித்துக்கொள். ஒரு பாதி அழட்டும், மறு பாதி தேற்றட்டும் என்றார். ஆனால் குடிலை விட்டு மட்டும் ஓடாதே!

ஜெபத்தைப் பற்றி 153 சிறு பகுதிகள் எழுதினார். சீடர்கள் வலையில் சிக்கியதாக வேதம் சொல்லும் மீன்களின் எண்ணிக்கை அது.

பெயர் போயிற்று!

உலகம் உண்டாகும் முன்பே ஆத்மாக்கள் கடவுளோடு இருந்தன, அன்பு குளிர்ந்ததால் விழுந்தன, முடிவில் எல்லாம் அவரிடமே திரும்பும் என்பது அவர் கருத்து. திருச்சபை இதை ஏற்கவில்லை. 553-ல் அவர் கண்டிக்கப்பட்டார்.

கிரேக்க மூலங்கள் பல மறைந்தன. ஜெப நூல் தப்பியது. எப்படி? நீலஸ் என்ற வேறு துறவியின் பெயரில்! கண்டித்தவர்களின் வாரிசுகளே அதைப் பக்தியோடு படித்தார்கள். மேல்நாட்டில் 8 எண்ணங்களைத் திருத்தி 7 பெரும் பாவங்கள் ஆக்கினார், போப் கிரிகோரி.

சிரியாக் மொழிபெயர்ப்புகளும் பிழைத்தன. லண்டனில் இருந்த ஒரு பழைய பிரதியைப் பிரெஞ்சு அறிஞர் அன்டுவான் கியோமோன் 1958-ல் பதிப்பித்தார். சபை கண்டித்த கருத்துகள் அதில் அப்படியே இருந்தன. 1964-ல், அந்தத் துறவிகளின் குடியிருப்பு இருந்த இடத்தையும் அவரே கண்டுபிடித்தார். நைல் டெல்டாவின் மேற்கு ஓரத்தில், மணல் மூடிய மேடுகளாக அந்த மண் குடில்கள் கிடந்தன.